படகின் முதுகுக்கு அரை இஞ்ச்

முப்பத்தொரு வருடத்தில் என் அத்தை அந்தப் படகில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அது மாமாவின் படகு. பதினாறு அடி நீளம், பழைய ஃபைபர் படகு. வெள்ளை நிறம் என்று அதன் பதிவுப் புத்தகம் சொன்னது. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவரை மாமா விடுமுறை நாட்களில் மட்டும் மீன் பிடிக்கப் போனார். ஓய்வுபெற்றபின் வாரத்தில் ஆறு நாள் போனார். காலை ஐந்தரைக்குப் படகை ஏரியில் இறக்கினால் பதினோரு மணிக்குத்தான் வீடு. மீனோடு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஐந்தரை மணி நேரமும் அத்தையுடையது. அத்தை தையல்காரி. மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் ஓட்டல் ஆட்களுக்கும் சீருடை தைப்பாள். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேசை, சுவர் முழுக்க நூல்கண்டுகள். அந்த நேரத்தில் மெஷின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இருக்காது. இரண்டாவது டம்ளர் டீயைச் சூடு ஆறும் முன்பே குடித்து முடிப்பாள். யாரும் அவளை எதுவும் கேட்கமாட்டார்கள்.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இரண்டு வாரம் தங்குவதாகச் சொல்லி வந்து, அவர்கள் மாடியறையில் மூன்றாவது மாதத்தில் இருந்தேன். நானும் காலை பதினொன்றுக்கு முன் கீழே இறங்குவதில்லை. அத்தைக்கு என்னைப் பிடித்ததற்கு அது ஒரு காரணம்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் ஏரி நடுவில் மாமா தூண்டில் பெட்டியை எடுக்க எழுந்தார். அவர் கால் படகின் தளத்தை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போனது. தளத்துக்கு அடியில் இருந்த மரம் எப்போதோ மக்கிவிட்டிருந்தது. படகின் வயிறு ஃபைபர் என்பதால் கால் ஏரிக்குள் போகவில்லை. ஆனால் வெளியேயும் வரவில்லை. ஒரு காலைத் தளத்துக்குக் கீழேயும் மறு காலை மேலேயும் வைத்தபடி மோட்டாரை ஓட்டிக் கரைசேர்ந்தார். அங்கே இரண்டு பேர் சேர்ந்து அவரைப் பிடுங்கி எடுத்தார்கள்.

படகைக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தி, தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"முடிஞ்சுது," என்றார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. இரண்டாம் நாள் எழுந்துவிட்டார். சமையலறைக் குழாய்க்கு அடியில் டம்ளர் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்கெடுத்தார். நிறம் பார்த்து அடுக்கியிருந்த பட்டன்களை அளவு பார்த்து மாற்றி அடுக்கினார். மெஷினுக்குப் பின்னால் நின்று, "கொஞ்சம் கோணலா போகுதோ?" என்றார். நாற்பது வருடம் நேர்த்தையல் போட்டவளிடம் இதைக் கேட்டார். பேப்பரைச் சத்தமாகப் படித்தார். விளம்பரங்களையும் விடவில்லை.

மூன்றாவது வாரத்தில் அத்தை மாடியறைக்கு வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"உனக்கு வேலை ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லை, அத்தை."

"வா. படகைப் பிரிக்கணும்."

"உங்களுக்குப் படகு வேலை தெரியுமா?"

"உங்க மாமாவைத் தெரியும். அது போதும்."

தார்ப்பாயை விலக்கியதும் அத்தை முதலில் பின்பக்கம் போனாள். மோட்டார் மாட்டும் பின்பலகை அது. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே மரப்பலகை இருக்கும். அத்தை அதை முதுகு என்றாள், கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். விரலால் தட்டினாள். பழுத்த பூசணிக்காயைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. மோட்டாரின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெளித்தோல் வெடித்து, பழுப்பாய்த் தண்ணீர் கசிந்திருந்தது. ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"காஜா எடுக்காம ஓட்டை போட்டிருக்கான்," என்றாள்.

சட்டையில் பட்டன் ஓட்டையின் ஓரத்தை நூலால் கட்டாமல் விட்டால் துணி பிரியும். இங்கே ஓட்டையின் ஓரத்தை ரெசின் என்ற பிசினால் அடைக்காமல் விட்டிருந்தார்கள். தண்ணீர் அந்த வழியாக மரத்துக்குள் போய், முதுகைத் தின்று, தளத்தின் அடிச்சட்டங்கள்வரை போயிருந்தது. பிறகு கடைக்காரர் ஒருவர் இதையே அரைமணி நேரம் விளக்கினார்.

அத்தை அன்றே பழுப்புக் காகிதத்தை ஒட்டி முதுகுக்கும் தளத்துக்கும் அளவு எடுத்தாள். முதுகின் அகலம் ஐம்பத்து நாலு இஞ்ச். மறுநாள் எங்கள் இருவருக்கும் பழைய படுக்கைவிரிப்பில் தலைமுதல் கால்வரை மூடும் உடுப்பு தைத்தாள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் எலாஸ்டிக். இருந்தாலும் ஃபைபர் தூசி உள்ளே வந்தது. ஒருவாரம் நாங்கள் இருவரும் சாப்பிடும்போதுகூடச் சொறிந்துகொண்டே இருந்தோம்.

நான் கையில் பிடிக்கும் வெட்டு கிரைண்டரால் தளத்தின் ஓரமாக அறுத்தேன், அத்தை கடப்பாரையால் நெம்பினாள். அடியில் இருந்த நுரைப்பஞ்சு தண்ணீரைக் குடித்து, ஈரத் தலையணை மாதிரி கனத்தது. அடிச்சட்டங்களைக் கரண்டியால் அள்ளினோம். பின்பலகையை வெளித்தோல், உள்தோல் இரண்டையும் சேர்த்து அறுத்து எடுத்தோம். ஒரு உடுப்பைத் திருத்தவேண்டுமென்றால் அத்தை முதலில் முழுதாகப் பிரித்துவிடுவாள், பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். படகையும் அப்படியே பிரித்தாள். பின்பக்கம் திறந்து, நடுவில் ஒன்றுமில்லாமல், ஒரு பெரிய குளியல்தொட்டியின் பாதி மாதிரி அது இரண்டு கட்டைகளின்மேல் இருந்தது. காயட்டும் என்று பதினைந்து நாள் விட்டோம்.

மாமா முதல் மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

"நீங்க அஞ்சரைக்குத் தண்ணியில இருப்பீங்க. அதுக்குத்தான் பண்றேன்."

"ஏன், நான் வீட்டுல இருந்தா என்ன?"

அத்தை கரண்டியால் அள்ளிக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் மாமா கொல்லைக்கு வரவில்லை. சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. நன்றாகவே இருந்தது. சாப்பிடும்போது நான் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அளந்து போட்டேன்," என்றார்.

ரெசின் டின்களையும் கண்ணாடி நார்ப் பாய்களையும் கொண்டுவந்த கடைக்காரர் படகைப் பார்த்துவிட்டு டின்னைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"என்னம்மா இது? முதுகையும் தளத்தையும் ஒரே நேரத்துலயா எடுத்தீங்க?"

"பிரிச்சாத்தானே திருப்பித் தைக்க முடியும்?"

"குறுக்க ரெண்டு கட்டை அடிச்சு இறுக்கி வச்சிருக்கணும். இல்லைன்னா பக்கம் ரெண்டும் விரிஞ்சிடும். விரிஞ்சிருக்கும். டேப் குடுங்க."

இஞ்ச் டேப்பை வாங்கி, பின்பக்கம் வைத்துப் பார்த்தார். ஐம்பத்து ஐந்து.

"ஒரு இஞ்ச் பெருத்துப்போச்சும்மா உங்க படகு. பலகையை வெட்டிட்டீங்களா?"

வெட்டியாகிவிட்டது. முந்தின நாளே தண்ணீருக்குத் தாங்கும் மரைன் ப்ளைவுட் இரண்டை ஒட்டி, காகிதத்தை மேலே வைத்து வரைந்து வெட்டியிருந்தாள். கடைக்காரர் அதைப் பார்க்கவே விரும்பவில்லை. நல்ல பலகை வீணானால் அவருக்கு மனசு கஷ்டப்படும்போல. அத்தை உள்ளே போய்ப் பலகையைத் தூக்கிவந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். பின்பக்கத் திறப்பில் வைத்தோம். அது போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கமும் இடிக்கவில்லை, அந்தப் பக்கமும் இடைவெளி இல்லை.

கடைக்காரர் பலகையை அளந்தார். ஐம்பத்து ஐந்து.

"காகிதத்துல ஐம்பத்து நாலுதானே இருக்கு?"

"தையலுக்கு விடவேண்டாமா?" என்றாள் அத்தை. "பக்கத்துக்கு அரை இஞ்ச். தளத்துக்கும் விட்டிருக்கேன்."

"அம்மா, மரத்துக்கு யாரும் தையலுக்கு விடமாட்டாங்கம்மா."

"அப்ப நீங்க வெட்டியிருந்தா இப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

கடைக்காரர் சற்று நேரம் தலையைச் சொறிந்தார். தூசி பட்டதால் சொறிந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, ரெசின் இறுகுவதற்கு அதில் ஹார்டனர் எவ்வளவு விடவேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். மூன்று நாள் அவரே வந்து போனார். மூலைகளைக் கெட்டி ரெசினால் வளைத்து மூடி, நார்ப் பாயை அடுக்கடுக்காக ஒட்டி உருளையால் காற்றை வெளியேற்றினோம். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, முழுக்க ரெசினால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே சின்னதாகத் துளைத்தோம். தண்ணீர் இனி மரத்தைப் பார்க்காது. அத்தை அந்த ஓட்டைகளை மட்டும் யாரையும் செய்யவிடவில்லை.

படகை இறக்கிய அன்று மாமாவும் வந்தார். ஐந்தரை மணி. கரையில் அத்தையின் இஞ்ச் டேப்பை எடுத்துப் பின்பலகையை அளந்தார். மறுபடி அளந்தார்.

"இது என் படகு இல்லை," என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"என் படகு ஐம்பத்து நாலு. இது ஐம்பத்து ஐந்து. நம்பர் மாறிப்போச்சு."

"ஏறுங்க."

மாமா ஒரு காலைத் தூக்கித் தளத்தின்மேல் வைத்தார். அந்தக் கால்தான். பாரத்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அடுப்புல உருளைக்கிழங்கு வச்சிட்டு வந்திருக்கேன்," என்றார்.

அத்தை அவரைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். இரண்டு மாத வேலை, ஒருவாரச் சொறி, எல்லாமே இந்த மனிதரை ஐந்தரை மணி நேரம் வீட்டைவிட்டு அனுப்புவதற்காக. அவரோ உருளைக்கிழங்கு வேகப்போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"தாங்காதுன்னு பயமா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமலேயே படகில் ஏறினாள். தளத்தின் நடுவில் நின்று குதித்தாள். மறுபடி குதித்தாள். படகு ஆடியது, தளம் அசையவில்லை.

"மோட்டாரை எப்படிப் போடறது?"

"நீ எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மாமா கரையில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். கயிற்றை மூன்றாம் முறை இழுத்ததும் மோட்டார் பிடித்தது. அத்தை கொஞ்ச தூரம் வளைந்து வளைந்து போனாள், பிறகு நேராகப் போனாள். பிறகு மோட்டார் சத்தம் நின்றது. மாமா கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். பழுது இல்லை. அவள்தான் அணைத்திருந்தாள்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தாள். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. மாமா சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"இத்தனை வருஷமா இதைத்தான் மீன் பிடிக்கிறதுன்னு சொல்லிட்டிருந்தீங்களா?"

மாமா உப்பு ஜாடியை எடுத்து, மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

அதிலிருந்து வாரத்தில் ஆறு நாள் அவள்தான் போகிறாள். தூண்டில் கொண்டுபோவதில்லை. பட்டன் வைக்கவேண்டிய சட்டைகளும் ஒரு பிளாஸ்க் டீயும் போகின்றன. மெஷின் வேலையை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டாள். வீட்டில் மாமா வாடிக்கையாளர்களிடம் துணி வாங்கி, சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பட்டன்கள் அளவு பார்த்தே அடுக்கப்பட்டிருக்கின்றன. குழாய் சொட்டுவதில்லை. பேப்பரை இப்போது எனக்குப் படித்துக் காட்டுகிறார். மாடியறைக்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

போன வாரம் ஐந்து மணிக்கே எழுந்து கீழே போனேன். அத்தை பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நானும் வரட்டுமா?"

அவள் மூடியை இறுக்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஊருக்கு எப்ப கிளம்பறே, கண்ணு?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.