ஏழுமலையின் மோட்டாருக்கு ஒரு பெட்டி

1. சுழன்ற தகடு

டிரில்லிங் மிஷினில் நான் வைத்த முதல் தகடு, பிட்டில் மாட்டி விசிறி மாதிரி சுழன்று, பக்கத்து ஸ்டூலில் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டது. நல்லவேளை, கையை எடுத்திருந்தேன். சத்தம் கேட்டு ஓனர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா மேரி, ஞாயித்துக்கெழம அதுவுமா ஆஸ்பத்திரிக்கு அலைய வுடப் போறியா?"

1991. மண்ணூர் பக்கத்தில் அவருடைய சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் மிஷின் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் அருள் வேலை பார்த்த ரேடியோ அசெம்பிளி கம்பெனியை அந்த வருடம் மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தபடியே அவர் ஒரு சர்க்யூட் செய்திருந்தார். கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். அதில் ஒன்று போய்விட்டாலும் மோட்டார் நிற்காது; முனகிக்கொண்டே ஓடி, சூடேறி, உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துவிடும். ஒரு பேஸ் போன உடனே மோட்டாரை நிறுத்துவதுதான் அருளின் சர்க்யூட். அதற்கு இரும்புத் தகட்டில் பெட்டி செய்வது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷின்களைத் தொட ஓனர் அனுமதி தந்திருந்தார்.

பெட்டியை மடிப்பது சுலபம். முன்பக்கத்தில் மீட்டருக்குச் சதுரமாக ஓட்டை வெட்டுவதுதான் பாடாய்ப் படுத்தியது. வரிசையாகத் துளை போட்டு, நடுவில் ரம்பத்தால் அறுத்தேன், தகடு நெளிந்தது. மில்லிங் மிஷினில் பிடித்தேன். கட்டர் பட்டதும் தகடு அதிர்ந்து, விளிம்பு நாய் கடித்த மாதிரி ஆனது. கடைசியில் இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே தகட்டை வைத்து, நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி, மரத்தோடு சேர்த்தே வெட்டினேன். பிரித்தபோது விளிம்பு கத்தி வைத்து நறுக்கின மாதிரி இருந்தது.

அருள் அந்தச் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்தார். வேலை போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

2. வெயில்

அருள் அவசரப்படவில்லை. பெட்டியை எங்கள் வீட்டு ஷீட் கூரைக்குக் கீழே வைத்து, வெயில் ஏற ஏறக் கவனித்தார். மத்தியானத்தில், மோட்டாருக்குக் கரண்டை வெட்டும் ரிலே காரணமில்லாமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

"உள்ள சூடு வெளிய போவ வழியில்ல மேரி. காத்து வர்ற மாதிரி வெட்டணும்."

"அவ்ளோதானே? வெட்டிட்டா போச்சு."

பிளைவுட் வித்தைதான் கையில் இருந்ததே. பின்பக்கத்திலும் அடியிலும் பென்சில் நுழைகிற அகலத்தில் ஸ்லாட்டுகள் வெட்டினேன். அதன் பிறகு எத்தனை வெயிலிலும் ரிலே சரியாக வேலை செய்தது. ஒர்க்‌ஷாப் மோட்டாரில் மாட்டி, ஒரு பேஸை நாங்களே கழற்றிவிட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் மோட்டார் நின்றது. ஓனரும் வந்து பார்த்துவிட்டு, "பத்து பொட்டி போடு அருளு, நானே வித்துத் தரேன்" என்றார்.

3. சேரப்பணஞ்சேரி

முதல் பெட்டியைச் சேரப்பணஞ்சேரி ஏழுமலைக்கு மாட்டினோம். கத்தரியும் வேர்க்கடலையும் போடுகிறவர். அதற்கு முன்பே ஒரு தடவை மோட்டார் எரிந்து கஷ்டப்பட்டவர். எங்கள் எதிரிலேயே பேஸைக் கழற்றிக் காட்டச் சொன்னார். மோட்டார் நின்றதும் அருளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கத்தரி பூ விட்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் அவர் கோணிப்பையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேசைமேல் வைத்தார். அருள் மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஒரு பல்லி. குட்டிப் பல்லி. ரிலேயில் அசையும் தகடான நாக்குக்குப் பின்னால் மாட்டிக் கருகிக் கிடந்தது. கரண்டை வெட்டுவதற்கு நாக்கால் பின்னால் போக முடியவில்லை. பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடி, எரிந்திருக்கிறது. நான் வெட்டிய ஸ்லாட் வழியாகத்தான் அது நுழைந்திருந்தது. வேறு வழியே அந்தப் பெட்டியில் இல்லை.

"மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டித் தரேண்ணே. நானே எடுத்தும் போறேன்" என்றார் அருள்.

"கட்டி எடுத்தாற வரைக்கும் கத்தரி காத்துகினு இருக்குமா தம்பி? எல்லாம் சுருண்டுச்சு. அதுல மேய மாட்ட அவுத்து வுட்டுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"உங்க மேல கோவம் இல்லம்மா. பொட்டி இல்லாதப்ப நான் மோட்டார் பக்கத்துலயே குந்திகினு இருப்பேன். சத்தம் மாறுனா ஓடிப்போயி நிறுத்திருவேன். பொட்டி வந்துச்சு. இனிமே இன்னா பயம்னு பொண்ணு வூட்டுக்குப் போயிட்டேன். அவ்ளோதான்."

கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

ஸ்லாட்டுக்கு உள்பக்கமாக ஒரு துண்டு கம்பி வலை வைத்திருந்தால் போதும். மறுநாளே வைத்து இன்னொரு பெட்டி செய்தேன். அருள் அதைத் தொடவில்லை. "நல்லா கீது மேரி, எடுத்து உள்ள வை" என்றார். பிறகு ஒரு குடோனில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். சாகும்வரை சோல்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவில்லை. ஏழுமலை மறு வருடம் பயிர் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, தகட்டைப் பிளைவுட் நடுவே வைத்து வெட்டுவதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். இன்னொன்றும் சொல்கிறேன், அது எத்தனை பேர் காதில் ஏறுகிறதோ தெரியாது. காவலுக்கென்று ஒரு பொருளைச் செய்து கொடுத்தால், அதை நம்பி ஒரு மனிதர் எழுந்து போவார். அவர் எழுந்து போன பிறகு அங்கே என்னவெல்லாம் நுழையும் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.