மீந்துபோன முட்டைகள்

மரக்காணத்தில் ஐப்பசி அடைமழை பிடித்தால் உப்பளம் ஏரியாகிவிடும். பாத்தி எது, வரப்பு எது என்று அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது. உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தை பிறந்து தண்ணீர் வடிந்து, சேற்றை மிதித்துப் பாத்தி கட்டுகிற வரைக்கும் கூலி கிடையாது. அதுவரை அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. படிவங்களைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளம் வந்தால் எந்தப் படிவம், புயல் வந்தால் எந்தப் படிவம், இரண்டும் சேர்ந்து வந்தால் யாருக்கு ஃபோன் போட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அலுவலக மொழியில் யாருக்கும் பசிக்காது. 'உணவுத் தேவை எழும்.' அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த மொழியை மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, மழை விடாமல் கொட்டிய ஒரு ஐப்பசியில், என் தெருவில் இருக்கிற நண்பர் என்னை இழுத்து விட்டுவிட்டார். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். புதுச்சேரி சாலையில் அவரிடம் டிக்கெட் வாங்காதவர்கள் இந்தப் பக்கம் இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"தாசில்தாரே, சும்மா பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்களே, ஒரு கல்யாண மண்டபம் பூட்டிக் கிடக்குது. சென்னையில ஒருத்தர் அரிசி பருப்பு அனுப்புறேன்றார். கணக்கு வழக்கு பாக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

நான் கடைசி வரையில் தாசில்தார் ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும்.

போனேன். மண்டபத்தின் பின்கட்டில் கோட்டை அடுப்பு, முன்னால் பந்திக் கூடம். மத்தியானத்துக்குச் சாம்பார் சாதம், அல்லது தக்காளி சாதம், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. வேலை செய்ய வந்த எங்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள், மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். எங்களுக்குச் சென்னைக்காரர் மஞ்சள் நிறத்தில் டீ-சர்ட் அனுப்பியிருந்தார். முதுகில் பெரிய எழுத்தில் 'தொண்டர்' என்று அச்சடித்திருந்தது. எல்லாம் ஒரே அளவு. கண்டக்டருக்கு அது வயிற்றோடு நின்றது. எனக்கு முழங்கால் வரை வந்தது.

சென்னைக்காரர் நல்லவர். அவருக்கு ஒரே ஒரு தேவை: படம். வரிசையில் நிற்கிறவர்கள், தட்டு வாங்குகிறவர்கள், வாங்கியபின் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். தினமும் மாலை அந்தப் படங்கள் அவருடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அங்கிருந்து எந்தெந்தக் குழுவுக்குப் போகும் என்பதற்கு அளவே கிடையாது. இதில் எனக்கு வியப்பு ஒன்றும் இல்லை. கொடுப்பதை நிரூபிக்காமல் கொடுக்க முடியாது என்ற விதி நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்தது.

ஒரு வாரம் ஆனபோது கண்டக்டர் சொன்னார். "அளத்துக்காரங்க தெருவுல கடைசி வீடு. அந்தம்மா மட்டும் வரவே இல்ல. வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணு வேற இருக்குது. வாங்க, பாத்துட்டு வருவோம்."

குடையோடு போனோம். அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார், எங்களை உள்ளே கூப்பிடவில்லை. உப்பளத்தில் கூடை சுமக்கிறவர். கணவர் காலில் அடிபட்டுப் பல மாதமாகக் கட்டிலில் இருந்தார். பெண்ணைப் பக்கத்துப் பிரம்மதேசத்தில் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"வரலங்க சார். எங்களுக்கு எல்லாம் இருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எடுத்தவர் குரலை உயர்த்திப் பேசினார். "சொல்லுங்க சம்பந்தியம்மா. நல்லா இருக்குது. சாப்பிட்டாளே. முருங்கைக்கீரை, ரெண்டு முட்டை, சங்கரா மீன் கொழம்பு. பால் குடிக்க மாட்டேன்றா, திட்டிக் குடிக்க வச்சேன்."

எங்கள் கண் எதிரே அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. அதில் கஞ்சிதான் கொதித்துக்கொண்டிருந்தது. கடலில் ஒரு வாரமாகப் படகே இறங்கவில்லை, சங்கரா மீன் எங்கிருந்து வரும் என்று கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

ஃபோனை வைத்ததும் அந்த அம்மாளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "தினமும் கேக்குறாங்க சார். பொண்ணு இங்க நல்லா சாப்பிடலன்னு தெரிஞ்சா வண்டி எடுத்துக்கினு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ண சோறு போட முடியாம திருப்பி அனுப்புனான்னு பேரு வந்துடும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் பேரப்புள்ளயப் பாக்கப் போறது?"

"யாரும் சொல்லப் போறதில்லம்மா" என்றார் கண்டக்டர்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க போட்டோ சொல்லும். மாப்பிள்ளை வேன் ஓட்டுறாரு. அவர் ஃபோன்ல இல்லாத குரூப்பே கெடையாது."

படம் எடுக்காமல் கொடுக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். தெருவே பார்க்க ஒரு தூக்கு வாளி தன் வீட்டுக்கு வருவதும் படம்தான் என்றார். நியாயம்தான்.

திரும்பி வரும் வழியில் எனக்கு என் அப்பா நினைவு வந்தது. அவர் கடலோரக் குப்பம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். சம்பளம் சில மாதங்களில் சொன்ன தேதிக்கு வராது. அந்த நாட்களில் சாயங்காலம் காற்று வாங்கி வருகிறேன் என்று கரைக்குப் போவார். கரையில் பெரிய வலை இழுப்பார்கள். கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையை இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுக்கிற வேலை அது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு. முதலில் இருந்து இழுத்தாரா, கடைசியில் வந்து தொட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. வயதானவர்கள், ஆண் துணை இல்லாத வீட்டுப் பெண்கள், எல்லாரும் வந்து கொஞ்ச நேரம் பிடிப்பார்கள். அப்பா தலை தெரிந்ததும் யாராவது கத்துவார்கள்: "வாத்தியாரே, இந்தப் பக்கம் ஆள் கம்மியா இருக்குது, கொஞ்சம் புடிங்க." ஆள் எல்லாம் நிறையவே இருப்பார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடிப்பார். ஓலைப் பெட்டியில் காரப்பொடி மீனோடு வீட்டுக்கு வந்து, "ஆள் பத்தலன்னு கூப்பிட்டாங்க" என்பார். அம்மா, "அவங்களும் பாவம், யாரைக் கூப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே மீனை அலசப் போவார். எங்கள் வீட்டில் ஒரு நாளும் யாரும் தானம் வாங்கியது கிடையாது. மீன் மட்டும் வரும்.

இதைக் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்திவிட்டு, "அப்ப நமக்கும் ஆள் பத்தலன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார்.

மறுநாள் போய்ச் சொன்னோம். அந்த அம்மாள் லேசில் நம்புகிறவர் இல்லை.

"ஆள் பத்தலயா? நேத்து அந்தப் பக்கமா வந்தேன். அஞ்சாறு பேர் மஞ்சச் சட்டையப் போட்டுக்கினு ஃபோனப் பாத்துட்டு நின்னாங்களே?"

"அதெல்லாம் போட்டோவுக்கு நிக்கிற ஆளுங்கம்மா" என்றார் கண்டக்டர். "சோறு வடிக்க ஆள் இல்ல. இந்தத் தாசில்தார் நேத்து சாம்பார்ல உப்புப் போடாம உட்டுட்டார். மரக்காணத்துல உக்காந்துக்கினு உப்பில்லாத சாம்பார்! வெளிய தெரிஞ்சா ஊருக்கே அவமானம்."

உப்பு போடாமல் விட்டவர் அவர்தான். விட்டுக்கொடுத்தேன்.

அந்த அம்மாள் சிரித்தார். மஞ்சள் டீ-சர்ட்டை வாங்கிப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தார். உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்கு ஆண்களின் பழைய சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொள்வது வழக்கம். எங்களில் அந்தச் சட்டை பொருந்தியது அவருக்கு மட்டும்தான்.

விதி எழுதுவது என் பங்கு. தொண்டர்கள் பந்தி முடிந்த பிறகே சாப்பிட வேண்டும். மீந்ததை எல்லாத் தொண்டர்களும் சமமாகப் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. கடைசி வரி முக்கியம். ஒருவர் மட்டும் வாளி தூக்கினால் அது நிவாரணம். எல்லாரும் தூக்கினால் அது நடைமுறை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அடுக்குக் கேரியரில் சாம்பார் சாதம் சுமந்து காரில் ஏறினார். நான் தினமும் ஆறிய சாதத்தோடு வீட்டுக்குப் போனேன். "பென்ஷன் நின்னு போச்சா?" என்று கேட்டார் என் மனைவி.

ஆனால் எனக்கும் ஒரு கணக்குத் தவறியது. சாதம் மீந்தது, சாம்பார் மீந்தது. முட்டை மிஞ்சவே இல்லை. கர்ப்பிணிக்கு வேண்டியது அதுதான். தன் பங்குக்கு வந்த ஒரு முட்டையை அந்த அம்மாள் சாப்பிடாமல் இலையில் சுற்றி இடுப்பில் செருகுவதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

இதற்குள் படம் போய்விட்டது. கரண்டியும் கையுமாக, மஞ்சள் சட்டையில், வரிசைக்குப் பரிமாறிக்கொண்டே பக்கத்தில் யாரையோ அதட்டுகிற அந்த அம்மாளின் படம். சென்னைக்காரர் அதற்கு மட்டும் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மண்டபத்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் நடுவயது அம்மாள். காதில் கம்மல், மழைக்குத் தூக்கிச் செருகிய புடவை, நடையிலேயே சொந்த நிலம் தெரிந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சம்பந்தியம்மா" என்றார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வண்டி வந்திருக்கிறது என்று அவரைப் போலவே நாங்களும் நினைத்தோம்.

"என்ன சம்பந்தியம்மா, ஊருக்கே சோறு போடுறீங்களாமே? எங்க ஊர்ல எல்லா ஃபோன்லயும் நீங்கதான். என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" குரலில் குத்தல் இருந்தது. பெருமையும் இருந்தது. "டேய், எறக்குடா" என்று வேனைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளை ஒரு மூட்டை அரிசி, பூசணிக்காய், முருங்கைக்கீரைக் கட்டு, அட்டை அட்டையாக முட்டைகள் இறக்கினார். "பொதுவுக்குக் குடுக்குறேன். எங்க நெலத்து அரிசி, எங்க வீட்டுக் கோழி."

கண்டக்டர் கேமராவுக்கு ஆளைக் கூப்பிட்டார்.

"என்னை எடுக்காதப்பா" என்று சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு கூடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மூலையில் அடுக்கி இருந்த எங்கள் தூக்கு வாளிகளில் கண் நின்றது. "இது யாருது?"

"வாலண்டியருங்களுதும்மா" என்றார் கண்டக்டர். "சம்பளம் கெடையாது. மீந்தத எல்லாரும் சமமா எடுத்துட்டுப் போகணும். ரூலு. தாசில்தார் போட்டது."

அவர் வாளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பி, சம்பந்தியின் கன்னத்து எலும்பைப் பார்த்தார். அன்றாடம் ஃபோனில் கேட்ட சங்கரா மீன் கொழம்புக்கு அந்த முகத்தில் அடையாளம் இல்லை. என் அருகே வந்தார். குரல் யாருக்கும் கேட்காத அளவுக்கு இறங்கியது.

"சார். முட்டையெல்லாம் கொஞ்சம் மீந்து போற மாதிரி பாத்துக்குங்க."

என் சர்வீஸில் எத்தனையோ வாய்மொழி உத்தரவுகள் வாங்கியிருக்கிறேன். எதையும் இவ்வளவு சந்தோஷமாக நிறைவேற்றியதில்லை. அன்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் முட்டை போட்டு, இன்னும் அண்டாவில் முட்டை நிறைய இருக்கும்போதே கண்டக்டர் பழைய குரலில் கத்தினார்: "முட்டை அவ்ளோதான், முட்டை அவ்ளோதான், உள்ள போ, உள்ள போ!" ஓய்வு பெற்ற எங்கள் எல்லாருக்கும் அன்றைக்கு முட்டை என்றாலே ஆகாமல் போய்விட்டது. வாயு, கொலஸ்ட்ரால், விரதம் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லித் தங்கள் பங்கை அந்த அம்மாளின் வாளியில் தள்ளினார்கள். விதிப்படி அது தவறு.

சம்பந்தியம்மா பெண்ணைப் பார்த்து, தலையைத் தடவிவிட்டு, அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மழைக்காலம் முடியும்வரை வேன் இடையிடையே வந்தது. எப்போதும் பொதுவுக்குத்தான். ஃபோனில் இரண்டு பேரும் சங்கரா மீனைப் பற்றித் தொடர்ந்து பேசினார்கள். குழந்தை தாய் வீட்டுக் கணக்கில் பிறந்தது.

சென்னைக்காரர் பிறகு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள், எங்களுக்குத் தருவதில்லை. பின்கட்டில் அந்த அடுப்பு இருந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது எனக்கு இன்னும் ஈர விறகுப் புகையும் பெருங்காயமும் மணக்கும். வேலையில் இருந்த காலத்தை நினைத்து நான் ஏங்கியதில்லை. அந்த ஒரு ஐப்பசியை நினைத்து ஏங்குகிறேன்.

போன வாரம் வானூர் போய்த் திரும்பும்போது உப்பளத்தில் ஓலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளி. சாயம் போய், முதுகில் எழுத்து பாதி அழிந்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். அந்த அம்மாள் வரப்பு மேல் நடந்து சாலை ஓரத்துக்கு வந்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்குறேன் சார்." ஓலையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஒரு இளம் பெண் தனியாக ஓலை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எங்க தெருவுக்குப் புதுசா வந்த பொண்ணு. புருசன் உட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு கொழந்தைங்க. எது குடுத்தாலும் வேணாம் வேணாம்னுது." சட்டையின் நுனியை இழுத்துக் காட்டினார். "இதுல இன்னொண்ணு இருக்குதா சார் உங்ககிட்ட?"

வீட்டுக்கு வந்து பீரோவில் தேடினேன். முழங்கால் வரை வருகிற என்னுடையது இருந்தது. பிறகு கண்டக்டருக்கு ஃபோன் போட்டு, ஆள் பத்தவில்லை என்று சொன்னேன்.