மந்தைவெளிக் கல்லில் இல்லாத பெயர்

போன வாரம் தி. நகரிலிருந்து மந்தைவெளிக்கு நூற்றைம்பது ரூபாய் பேசி ஆட்டோ ஏறினேன். ஓட்டிய பாபு அண்ணன் தன் ஸ்டாண்டு வந்ததும் வண்டியை நிறுத்தி, நடைபாதையில் மஞ்சள் பூசி நின்ற ஒரு கல்லுக்குக் கற்பூரம் ஏற்றினார். முனீஸ்வரனாம். காற்றில் மாலை விலகியது. மஞ்சளுக்கு அடியில் ஆங்கில எழுத்துகள்! ஈர விரலால் தேய்த்துப் படித்தேன். இந்தக் கிராமத்து ஆட்கள் 1914-19 உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் மூவர் உயிர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பெயர் ஒன்றுகூட இல்லை.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. தங்கள் குதிரைக்கெல்லாம் பெயர் வைத்துக் கொஞ்சிய துரைமார்கள், செத்த மூன்று பேரின் பெயரைச் செதுக்கினால் உளி தேய்ந்துவிடுமா? அந்த மூவர் யார் என்று நானே கண்டுபிடிக்கிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி போனேன், இந்த முறை பஸ்ஸில். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை இந்தக் கல்லை எடுத்துடுவோம்மா."

"இது போர் நினைவுக்கல் சார்!"

"யாரோட நினைவு? பேரைச் சொல்லுங்க, மேல கேட்டுப் பாக்கறேன். பேரே இல்லாத கல்லுக்காக எப்படி வேலையை நிறுத்தறது?"

அந்தக் கேள்வியில்தான் என் கோபம் இரட்டிப்பானது.

பாபு அண்ணனும் பொருமிக்கொண்டிருந்தார். "சாமின்னு சொல்லிப் பாத்தோம், கோயில்ல கொண்டுபோய் வைங்கன்றான். ஏற்கெனவே எங்களுக்கு ஒரு ரோதனை கீது மேடம். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு ஒரு மீன்காரம்மா வந்து, சாமி முன்னாடி புதுச் செருப்பு ஒரு ஜோடி வச்சிட்டுப் போவுது. சாமிக்கு எவனாவது செருப்பு வைப்பானா? தூக்கிக் கடாசிடுவோம். அடுத்த வருசம் மறுபடி வந்து நிக்கும்!"

"அவங்க எங்கே இருக்காங்க?"

"அடையாறு பாலத்தாண்ட மீன் விக்குது. போ, நல்லா வாங்கிக் கட்டிக்கினு வா."

மந்தைவெளியிலிருந்து அடையாறு மூன்று கிலோமீட்டர் இருக்கும். பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றோரம் வேலி போட்ட வெற்றிடம். அங்கே வீடுகள் இருந்தன. அந்தச் சனங்களை அள்ளிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் போட்டுவிட்டார்கள். நான் தேடி வந்த மீன்காரம்மா, ராணியம்மாவும் அவர்களில் ஒருவர். எழுபதை நெருங்கும் வயதில், பழைய வாடிக்கைக்காரர்களுக்காகத் தினமும் பஸ் பிடித்து இங்கே வருகிறார்.

செருப்பு என்று ஆரம்பித்ததுமே, சங்கரா மீன் அரிந்த கத்தி என் பக்கம் திரும்பியது. "ஆட்டோக்காரன் அனுப்புனானா உன்னை?"

இல்லையென்று நம்பவைக்கப் பெரும்பாடு பட்டேன். பிறகு சொன்னார்.

"எங்க அப்பனைப் பெத்த ஆயாவோட புருசன் பட்டாளத்துல செத்தாரு கண்ணு. ஈராக்குல பஸ்ராவாம். குடுத்த பூட்ஸு கடிக்குதுன்னு அதைத் தோள்ல மாட்டிக்கினு, வெறுங்கால்ல ரயிலேறப் போனாராம். பொணம்கூட வரல. அந்தக் கல்லுதான் அவருன்னு ஆயா செருப்பு வைக்கும். அதுக்கப்புறம் நான் வைக்கிறேன்."

"அந்தக் கல்லைத் திங்கட்கிழமை எடுக்கப் போறாங்கம்மா."

கத்தி நின்றது. "எடுத்துட்டா நான் எங்க போய் வைப்பேன்?"

"பேர் தெரிஞ்சா கேட்டுப் பார்க்கலாம். அவர் பேர் என்ன?"

"தெரியாதே! ஆயா 'அவரு'ன்னுதான் சொல்லும். எங்க அப்பனும் நான் கைக்கொழந்தையா இருக்கசொல்லவே பூட்டாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சர்க்கார் பெயரைச் செதுக்கவில்லை. புருஷன் பெயரைக் கட்டியவள் சொல்லக் கூடாது என்று ஊர் அவள் வாயை அடைத்திருக்கிறது. சட்டென்று என் அண்ணன் ஞாபகம் வந்தது. மூத்த பேரன் என்பதால் அவனுக்கு எங்கள் தாத்தா பெயர்.

"உங்க வீட்டுல மூத்த பேரன் யாரு?"

"எங்கண்ணன், கன்னியப்பன். அவனும் போய்ச் சேந்துட்டான். ஆனா ஆயா அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. 'தொரை, தொரை'ன்னும். எங்களை எல்லாம் பேர் சொல்லித்தான் திட்டும். அவனை மட்டும்…"

ராணியம்மா கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்குத் திரும்பிக் கத்தினார்: "ஏ வசந்தா! எங்க தாத்தா பேரு கன்னியப்பன்டி!"

"அது உங்கண்ணன் பேரு இல்ல?"

"அவன் பேரும் அதாண்டி!"

மீதி மீனை வசந்தாவிடம் தள்ளிவிட்டு என்னோடு கிளம்பினார். ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலை பாபு அண்ணனோடு சண்டை. "எத்தினி ஜோடி கடாசின நீ? எங்க தாத்தா காலுக்குடா அது!" விஷயம் முழுவதும் கேட்ட பாபு அண்ணன், கல்லின் மேலிருந்த மஞ்சளைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

மேற்பார்வையாளர் பெயரைப் போனில் குறித்துக்கொண்டார். "புதன் வரைக்கும் தள்ளிவைக்கிறேன். ஆதாரம் கொண்டாங்க."

ஆதாரமா! கன்னியப்பனைக் கப்பலேற்றி அனுப்பியவர்களிடம் யார் கேட்டார்கள் ஆதாரம்? கேட்டுவிட்டேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பள்ளத்துப் பக்கம் நடந்தார்.

பஸ்ராவில் போரில் செத்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சுவர் எதிலாவது கன்னியப்பன் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கு முன் கல்லில் இன்னும் இருவர் பாக்கி. அந்தக் கிராமத்துப் பழைய ஆற்றோரக் குடும்பங்கள் எல்லாம் பெரும்பாக்கத்தில்தான் இருக்கின்றன என்கிறார் ராணியம்மா. நாளை, ஞாயிறு காலை இருவரும் போகிறோம். போரில் செத்தது யார் என்று கேட்கப் போவதில்லை. கதவு கதவாகத் தட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறோம்: உங்கள் வீட்டுக் கிழவி எந்தப் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை?