யோக் பெங் அளந்த மேடை

யோக் பெங் அக்கா அளந்த இடத்தில் இன்னொருவர் டேப் வைக்கத் தேவையில்லை. ஈப்போவில் எங்கள் சமையல்மேடைக் கல் கடையோடு போட்டி போடுகிறவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். பதினெட்டு வருஷமாக அவர் அளப்பார், நான் கல்லைப் பொருத்துவேன். மெல்லிய பலகைக் கீற்றுகளை ஒட்டி அவர் எடுத்துவரும் அச்சுக்குக் கல்லை வெட்டினால், சுவரோடு ஒருமுறைகூடச் சண்டை வந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயது, குட்டையான உருவம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முனியாண்டி என்ற என் பெயர் அவர் வாயில் வந்ததைவிட முட்டாள் என்ற பட்டம் வந்ததுதான் அதிகம்.

அவருடைய டேப்பில் எண்களுக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் ஓடும். அளவு சிவப்பில் முடிந்தால் வீட்டுக்கு நல்லது. கறுப்பில் முடிந்தால் நோய், பிரிவு, நஷ்டம். எங்கள் ஊர்ச் சீனர்கள் கட்டில் செய்தாலும் கதவு வைத்தாலும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அக்காவுக்கு அத்தனை கட்டமும் மனப்பாடம். அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது.

மேடம் லியோங் புது வீட்டின் சமையலறை நடுவில் ஒரு மேடை கேட்டார். மேலே வெள்ளைக் குவார்ட்ஸ் கல், ஒரு பக்கம் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட முழங்காலுக்கு இடம். அடியில் வரும் அலமாரியின் அகலம் எண்பத்தைந்து சென்டிமீட்டர், அதைத் தாண்டி வெளியே நீளும் கல் முப்பது. கூட்டினால் நூற்றுப் பதினைந்து. டேப் கறுப்பில் நின்றது. மேடத்தின் முகம் வாடிவிட்டது. நான்கு சென்டிமீட்டர் குறைத்தால் சிவப்பு வருமே என்றேன். அது உத்தியோகத்துக்கான சிவப்பு, நாங்கள் வியாபாரக்காரர்கள் என்றார் மேடம்.

அக்கா டேப்பைப் பார்க்கக்கூட இல்லை.

"நூத்தி முப்பது வைங்க. செல்வத்துக்கான செவப்புல போய் நிக்கும்."

மேடம் கை தட்டினார். அக்காவும் சிரித்தார். லாரியில் ஏறிய பிறகுதான் அவர் முகம் மாறியது. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கல்லை முப்பதுக்கு மேல் வெளியே நீட்டினால் அடியில் இரும்பு தாங்க வேண்டும். இது நாற்பத்தைந்து.

மறுநாளே இரண்டு இரும்புத் தூண்கள் வரைந்து எடுத்துப்போனார். அழகு கெட்டுவிடும், முழங்கால் இடிக்கும் என்று மேடம் மறுத்துவிட்டார். உடைந்தால் பொறுப்பு அவருடையது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை முடி என்றார் முதலாளி. மேடம் கையெழுத்துப் போட்டார். நாங்கள் ஆறு பேர் கல்லைத் தூக்கி வைத்தோம். அழகாகத்தான் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, பசை காய்ந்ததா பார்க்கிறேன் என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஈரத்துணியால் கல்லைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். எல்லா இடமும் காய்ந்தது. அலமாரியின் விளிம்புக்கு நேர் மேலே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் காயவில்லை; விரிசலுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. அது கல்லின் ரேகை என்றார் மேடம். அடுத்த மாதம் போனபோது அந்த ரேகை இரண்டு சாணாகியிருந்தது.

இந்த முறை அக்கா தன் செலவிலேயே தூண்கள் செய்து லாரியில் ஏற்றி வந்திருந்தார். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது வீட்டில் துளை போடக்கூடாது, பண்டிகை முடியட்டும் என்றார் மேடம். அதோடு நிற்காமல், செல்வ அளவைக் கண்டுபிடித்தவர் நீங்கள், புத்தாண்டின் ஏழாம் நாள் விருந்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று எங்கள் இருவரையும் அழைத்தார். வர வேண்டாம் என்றிருந்தாலும் அக்கா போயிருப்பார்.

மேடையைச் சுற்றி இருபது பேர். நடுவில் பெரிய தட்டு, அதில் பச்சை மீனும் துருவிய முள்ளங்கியும் காரட்டும். எல்லோரும் எக்கி, குச்சிகளால் அள்ளி உயரத் தூக்கிப்போட்டு, செல்வம் பெருக என்று கத்தினார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. அக்கா குச்சியைத் தொடவில்லை. கல் நீண்டிருந்த பக்கம் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அதற்கு அடியில் கொடுத்திருந்தார்.

"என்ன அக்கா, கல்லு ஓடிப் போயிடும்னு புடிச்சிருக்கீங்களா?" என்றான் மேடத்தின் தம்பி.

அவர் சிரிக்கவில்லை. மேடத்தின் பையனுக்கு நாலு வயது, தட்டு எட்டவில்லை. தம்பி அவனைத் தூக்கி விளிம்பில் உட்கார வைத்தான்.

"புள்ளைய எறக்கு லா," என்றார் அக்கா. சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நான் மறுபக்கத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள், அந்த மடையன் தானும் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தான்.

காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அக்கா பையனை மேடையின் நடுப்பக்கமாகத் தள்ளினார். அதற்குத்தான் நேரம் இருந்தது. தன் காலை இழுத்துக்கொள்ள இல்லை; உடைந்த கல் அதன்மேல் விழுந்தது.

மருத்துவமனையில் அவருடைய வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மேடம் ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். எனக்கும் மனம் இளகியது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்க அளவுதான் அக்கா எங்களக் காப்பாத்துச்சு. வீட்டு ஆளு ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அதே நூத்தி முப்பதுலதான் மறுபடியும் போடுறோம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பழங்களை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அக்கா மெதுவாக, அடியில் இரும்பு உண்டா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், அக்காவுக்கு மேலும் சிரமம் தர மனமில்லாமல் வேறு கடையில் கொடுத்துவிட்டதாகவும் மேடம் சொன்னார்.

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"முனியாண்டி, அது எந்தக் கடைன்னு கண்டுபிடி. சீக்கிரம்."

கண்டுபிடிக்க நாலு நாளாயிற்று. முந்தின நாளே கல்லைப் பொருத்திவிட்டிருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.