மூன்று முறை இடம் மாறிய தியேட்டர்

எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணனைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள். பதினெட்டு வருஷமாக மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்து அவர் போவதையும் வருவதையும் பார்க்கிறேன். அது போதும்.

அவர் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி என்பது ஒரு வாடகை வீடு. எட்டுக் கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். சாப்பாட்டு அறைதான் ஆபரேஷன் தியேட்டர். கூட்டம் பெருகவும் பின்பக்கம் ஒரு கட்டடம் எழும்பியது, தியேட்டர் அங்கே போனது. பிறகு மாடி கட்டினார்கள், தியேட்டரும் மாடியேறியது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு வார்டு, இதயத்துக்கு ஒன்று என்று வளர்ந்து, போன மாதம் பக்கத்தில் ஏழு மாடிக் கட்டடம் திறந்தார்கள். தியேட்டர் இப்போது அதன் ஐந்தாம் மாடியில். புதிதாக வருகிற டாக்டர்கள் அண்ணனின் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே நடந்துதான் வழி பழகுவார்கள். அப்படிப்பட்டவருக்கு இப்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

முதல் வாரம் கை முறிந்த குழந்தையைக் கண் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த வாரம் தியேட்டருக்கு இரண்டு தடவை தாமதம். தலைமை நர்ஸான மேட்ரன் கூப்பிட்டார்.

“அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு. இன்னொரு தடவ லேட்டானா எழுதி மேல அனுப்பிடுவேன். அப்புறம் கேட்டுலதான் உக்கார வைப்பாங்க.”

“கேட்டுல உக்காந்தா செத்துருவேம்மா,” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, குடல்வால் ஆபரேஷனுக்கு ஆறு வயதுப் பெண் குழந்தை. அம்மா குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். அண்ணன் இடது, நீலக் கோடு, வலது, லிஃப்ட் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வழிகாட்ட நீலக் கோடு போட்ட நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் போகத் திரும்பியவரை, அதற்கப்புறம் கால்தான் கூட்டிப்போனது. கதவைத் தள்ளினால் உள்ளே மலைமலையாகப் படுக்கை விரிப்புகள். பழைய மாடித் தியேட்டர் அது, இப்போது துணி வைக்கிற அறை. துணி தப்பான இடத்துக்கு வந்துவிட்டதா, தான் வந்துவிட்டோமா என்று ஒரு நிமிஷம் அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

விரிப்பு மடிக்கிற அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “என்னண்ணே, பாப்பாவையும் மடிச்சு வைக்கணுமா?”

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி, திருப்பத்துக்குத் திருப்பம் விசாரித்து, அந்த அம்மா பலகைகளைப் படித்துச் சொல்லச் சொல்ல, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நிமிஷம் தாமதம். வாசலில் மேட்ரன் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்.

“அவரத் திட்டாதீங்கம்மா,” என்று அந்த அம்மா முந்திக்கொண்டாள். “பாவம், வேலைக்குப் புதுசு போலிருக்கு.”

மேட்ரன் அண்ணனைப் பார்த்தார். இதே மேட்ரன் நர்ஸாக வந்த முதல் நாள் வார்டு வார்டாகக் கூட்டிப்போய்க் காட்டியவர் அண்ணன்தான்.

“அப்படியாண்ணே?”

“ஆமாம்மா. புதுசு.”

மேட்ரன் பேனாவை மூடிவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்துக்கொண்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

மத்தியானம் அண்ணன் என் கவுண்டரில் வந்து நின்றார். மருந்து எதுவும் கேட்கவில்லை.

“எழுதலப்பா, தப்பிச்சேன். சந்தோஷப்படணுமா என்னன்னு தெரியல. முப்பத்தோரு வருஷத்த என் வாயாலயே இல்லன்னு சொல்லிட்டேன்.”