கைராசிக்காரியின் விரல்கள்

அழகு நிலையத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். அவள் கை பட்டால் முடி தழையத் தழைய வளரும் என்று வாடிக்கையாக வரும் பெண்கள் சத்தியம் செய்வார்கள். சாயம் கலக்குமுன் ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, வேரிலிருந்து நுனிவரை உருவிப் பார்ப்பாள். எது முரடு, எது பட்டு என்று அந்த உருவலிலேயே தெரிந்துவிடும். அந்தக் கைராசி அவளுடைய உச்சந்தலையில் மட்டும் பலிக்கவில்லை. வகிட்டை ஓரமாக எடுத்து, கறுப்புத் தூளைத் தூவி மறைத்துக்கொள்வாள். யாராவது கேட்டால் தண்ணீர் சரியில்லை என்பாள். பாவம், மறுத்துப் பேசத் தண்ணீருக்கு வாயா இருக்கிறது?

உண்மை வேறு. மனது படபடத்தால் போதும், கை தலைக்குப் போய்விடும். முரட்டு முடி ஒன்றைத் தேடிப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினால் ஒரு கணம் உயிருக்கு நிம்மதி. அடுத்த கணமே அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கம் தாங்காமல் இன்னொன்றைப் பிடுங்குவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடக்கும் கூத்து இது. கணவனுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தானோ என்னவோ.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் தலையில், காதுக்குப் பின்னால், சொட்டையாக ஒரு திட்டைப் பார்த்தாள். தன் வியாதி பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்றே முடிவுகட்டினாள். பக்கத்தில் உட்காரவைத்து அன்பாகக் கேட்டிருக்கலாம். ஆனால் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நீதானே புடுங்குற? உண்மையச் சொல்லு."

சின்னவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "ஆமாம்மா," என்றாள்.

அன்றிலிருந்து படுக்கும்போது மகளின் கைகள் இரண்டிலும் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டாள். பிள்ளை மறுபேச்சில்லாமல் கையை நீட்டியது. அப்படியும் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் அவள் மடியில் தலைவைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கண் திரையில், மனம் வேலையில். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு அழகு நிலையம் வருகிறது; கூட்டம் குறைந்தால் முதலாளியம்மா யாரை நிறுத்துவாள் என்ற கவலை. மடியிலிருந்து 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. குனிந்து பார்த்தாள். தன் விரல்களுக்கு நடுவில் ஒரு முடி. சாயமே படாத, பிள்ளையின் முடி.

பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பாள். ஊரார் தலைக்கெல்லாம் ராசியான கை, பெற்ற பிள்ளையின் தலையைப் பாழாக்கியிருக்கிறது. அது போதாதென்று அந்தப் பிள்ளையின் கையையே கட்டியும் போட்டிருக்கிறது.

காலுறைகளை அன்றைக்கே எடுத்துப் போட்டாள்; அதன்பின் மகளின் தலையைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பின்னிவிடும் வேலையைக் கணவனிடம் தள்ளினாள். அவன் பின்னியது தாம்புக்கயிறு மாதிரி இருந்தது. இவள் மனநல மருத்துவரிடம் தனியாகப் போய், தூளைத் துடைத்துத் தலையைக் காட்டினாள். தன் தலையைக் காட்டுவதுகூடப் பெரிதில்லை, மகளின் தலையைப் பற்றிச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யாரோட கையயும் கட்டிப்போட வேணாம்மா," என்றார் அந்த மருத்துவர் அம்மாள். "கை கெளம்பும்போது கவனிங்க. விரல் எதைத் தேடுது, மூச்சு எப்படிப் போகுதுன்னு பாருங்க. ஆசை ஏறும், கொஞ்ச நேரம் நிக்கும், தானா எறங்கும். அசிங்கமா இருந்தா அதையும் பாருங்க. எழுந்து ஓடாதீங்க."

கேட்க லேசாக இருந்தது, செய்யப் போனால் உயிர் போனது. சாயக் கிண்ணத்தோடு நிற்கும்போது விரல்நுனி நமநமக்கும், கழுத்து இறுகும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சில சமயம் இறங்கும். சில சமயம் பார்த்துக்கொண்டே பிடுங்கிவிடுவாள். ஆனால் தன்னை அறியாமல் பிடுங்குவது குறைந்திருந்தது.

ஒரு நாள் காலையில் கணவன் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டான். மகள் சீப்போடு வந்து அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தட்டிக்கழிக்க வழியில்லை. பின்னலைப் பிரித்துச் சீப்பை வாங்கினாள்.

"உன் முடியப் புடுங்கினது அம்மாதான். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"வலிச்சிருக்குமே, ஏன்டி சொல்லல?"

"அப்பதாம்மா நீ திட்டாம என்னத் தொட்டுக்கிட்டே இருப்ப."

அவளுக்குக் காதுமடல் சுட்டது. சீப்பைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. போகவில்லை. உடம்பெல்லாம் கூசியது, கூசட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே வலிச்சா உடனே சொல்லணும்."

"சொன்னா திட்டுவியா?"

"மாட்டேன்."

சின்னவள் திரும்பாமலே, "இப்ப வலிக்குதும்மா," என்றாள்.

அவள் தன் கையைப் பார்த்தாள். ஒற்றை முடி ஒன்றை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. மெல்ல விட்டாள். முடி தலையிலேயே இருந்தது.