ஹவுஸ் ஓனர் தண்ணி ஊத்தின கொய்யா மரம்

மூணு மாசத்துல வீட்டைக் காலி பண்ணச் சொன்னாரு ஹவுஸ் ஓனர். "நீ வெச்ச கொய்யா மரம் மட்டும் இங்கயே இருக்கட்டும்மா, நல்லா காய்க்குது"ன்னு சிரிப்பு வேற.

வளர்ந்த மரத்தைப் பேர்த்து நட அந்த மூணு மாசம் போதும். சுத்தி கொஞ்சம் கொஞ்சமா பள்ளம் எடுத்து வேரை வெட்டிட்டு வந்தேன்.

"இன்னாம்மா பண்றே?"

"எரு போடறேன் சார்."

சந்தோஷத்துல தினமும் அவரே தண்ணி ஊத்தினாரு.

இன்னிக்கு வேர் மண்ணைச் சுத்தி சாக்கு வெச்சுத் தெச்சேன். ஷூ கம்பெனில தைக்கிற கை, ஒரு பிடி மண்ணு சிந்தல. கம்பெனி பொண்ணுங்க நாலு பேரு வந்து தூக்கினாங்க.

"மரம் எங்கம்மா?"ன்னு ஓடி வந்தாரு.

எதிர் வரிசைல எங்க புது வீட்டைக் காட்டினேன். அவர் மாடியிலேர்ந்து நல்லா தெரியும்.

அவருக்கு ரெண்டு பழமாவது குடுக்கலாம்னு நினைக்கிறவங்க கமெண்ட்ல வாங்க. பிளாக் பண்ணணும்.